தலைவர்களுக்கும் ஒரு செக்ரோல்

(கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் குழு, இளைஞர் குழு ஆகியோர் கலந்துகொண்ட கல்வி வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மே தின ஊர்வலத்தில் யார் யாருடைய படங்களை ஏந்திப் போவது என்று கமிட்டிக் கூட்டத்தில் பேச்சு வந்தது. முல்லோயா கோவிந்தன் என்றதும் எல்லோரும் கை தூக்கினார்கள். கலாநிதி என்.எம். பெரேரா என்றதும் கூட்டம் இரண்டாகிவிட்டது. “எங்கள் அப்பா காலத்தில் தோட்டத்துக்குள் துணிந்து வந்த மனிதர், அவர் படம் வேண்டும்” என்றார்கள் பெரியவர்கள். “சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் போட்ட அமைச்சரவையில் உட்கார்ந்திருந்தவர், அவர் படம் வேண்டாம்” என்றார்கள் இளைஞர்கள். சத்தம் கூடிப்போனதால் தீர்மானம் எடுக்காமல் விடயத்தைக் கல்வி வட்டத்துக்கு அனுப்பினார்கள். அதனால்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இரண்டு பக்கத்தாரும் பொய் சொல்லவில்லை. இரண்டும் நடந்தவை. நடந்த இரண்டு காரியங்களை வைத்துக்கொண்டு ஒரு மனிதரை எப்படி மதிப்பிடுவது என்பதுதான் கேள்வி. இது என்.எம்மைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை. நாளைக்கு லயத்துக்கு வந்து கும்பிடு போட்டு வாக்குக் கேட்கப்போகும் ஒவ்வொருவரைப் பற்றியும் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

நமக்குத் தெரிந்த ஒரு புத்தகம் இருக்கிறது. அதுதான் செக்ரோல். அதில் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனிக் கட்டம். வந்த நாளுக்குப் பேர் விழும், வராத நாளுக்கு விழாது. வியாழக்கிழமை வரவில்லை என்பதற்காகத் திங்கட்கிழமை விழுந்த பேரைக் கணக்குப்பிள்ளை வெட்டினால் நாம் சும்மா இருப்போமா? சங்கத்தைக் கூட்டிவிடுவோம். அதே மாதிரி, திங்கட்கிழமை நன்றாக வேலை செய்தேன், அதனால் வியாழனுக்கும் பேர் போடு என்று எவரும் கேட்கவும் முடியாது. தலைவர்களுக்கும் அப்படி ஒரு செக்ரோல் எழுதிப் பார்ப்போம்.

என்.எம்மிலிருந்து தொடங்குவோம். அவர் நம் மண்ணோடு சம்பந்தப்பட்டவர். 1934, 35ஆம் ஆண்டுகளில் மலேரியா இந்த நாட்டை வாரிக்கொண்டு போனது. கேகாலை மாவட்டம் மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று. அந்த நேரத்தில் மருந்தும் பருப்பும் கொண்டு கிராமம் கிராமமாக ஏறி இறங்கியவர்களில் என்.எம். ஒருவர். சிங்களக் கிராமத்து மக்கள் அவரைப் “பரிப்பு மாத்தயா” என்று அழைத்தார்கள். லண்டனில் படித்துக் கலாநிதிப் பட்டம் வாங்கியவருக்குப் பருப்பால் வந்த பட்டம்தான் நிலைத்தது. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தொடங்கியது. 1936 தேர்தலில் ருவன்வெல்ல தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. பக்கத்து அவிசாவளை பிலிப் குணவர்தனாவை அனுப்பியது. இந்த நாட்டின் இடதுசாரி இயக்கம் சட்டசபைக்குள் கால் வைத்தது இந்த றப்பர் மலைகளின் வழியாகத்தான்.

அடுத்த கட்டம் 1939, 40. தோட்டங்களில் வேலைநிறுத்த அலை. அந்தக் காலத்துத் தோட்டம் எப்படி இருந்தது என்பதை இளைஞர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். துரையின் அனுமதி இல்லாமல் வெளியாள் ஒருவர் லயத்துக்குள் வந்தால் அத்துமீறல் வழக்கு. சங்கம் என்று வாய் திறந்தவருக்குப் பற்றுச்சீட்டு கொடுத்துக் குடும்பத்தோடு வெளியேற்றுவார்கள். 1940 ஜனவரியில் முல்லோயாவில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் விழுந்தார். விசாரணைக் குழுவின் முன் தொழிலாளர் பக்கம் நின்று வாதாடியவர் சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. அதே ஆண்டு மே மாதம் பதுளையில் தடையை மீறி நடந்த கூட்டத்தில் என்.எம். பேசினார். ஜூன் மாதம் அவரையும் பிலிப், கொல்வின், எட்மண்ட் சமரக்கொடி ஆகியோரையும் பிடித்து உள்ளே போட்டார்கள். 1942 ஏப்ரலில் சிறையிலிருந்து தப்பி இந்தியாவுக்குப் போனார்கள்.

பிறகு 1948. பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இந்த மலைகளைத் திருத்திய மக்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர் ஆனார்கள். அதற்கு எதிராகப் பாராளுமன்றத்தில் இலங்கை இந்தியக் காங்கிரஸோடு சேர்ந்து இடதுசாரிகளும் நின்றார்கள். என்.எம்மும் நின்றார். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோதும் இரண்டு மொழிக்கும் சம அந்தஸ்து என்று அவரது கட்சி சொன்னது. சிங்கள வாக்கில் வென்ற கட்சி, சிங்கள வாக்கை இழக்கக்கூடிய நிலைப்பாட்டை எடுத்தது. இந்தக் கட்டங்களுக்கெல்லாம் முழுப்பேர் போடத்தான் வேண்டும். இதில் பெரியவர்கள் சொல்வது சரி.

இனி அடுத்த பக்கம். 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கத்தில் சேர்ந்தது. என்.எம். நிதி அமைச்சர் ஆனார். அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி டில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 975,000 பேர் என்று கணக்கெடுத்து, 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதி பிரித்தார்கள். எந்த லயத்திலும் எவரையும் கேட்கவில்லை. அக்கா ஒரு நாட்டுக்கு, தங்கை ஒரு நாட்டுக்கு. தலைமன்னார்க் கப்பல் ஏறியவர்களின் கதை இந்த மண்டபத்தில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. 1948இல் இந்த மக்கள் இந்த நாட்டவர் என்று வாதாடியவர், 1964இல் இந்த மக்களை எண்ணிப் பிரித்த அரசாங்கத்தின் அமைச்சர். அவர் பதவி விலகவில்லை.

இன்னும் இருக்கிறது. 1966 ஜனவரியில் தமிழ் மொழிக்கான ஒழுங்குவிதிகளை எதிர்த்துக் கொழும்பில் நடந்த போராட்டத்தில் சமசமாஜக் கட்சி பங்கெடுத்தது. பத்து ஆண்டுக்கு முன் சம அந்தஸ்துக் கேட்ட அதே கட்சி. 1970இல் மறுபடியும் அமைச்சரவை. 1972இல் வந்த அரசியலமைப்பு சிங்களத்தின் இடத்தை மேலும் இறுக்கியது, சிறுபான்மையினருக்கு இருந்த 29ஆம் பிரிவை விட்டுவிட்டது. அதை முன்னின்று எழுதியவர் முல்லோயாவுக்காக வாதாடிய அதே கொல்வின். 1973, 74ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினி. உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது உண்மை. அரிசிப் பங்கீடு வெட்டப்பட்டதும் உண்மை. கிராமத்தவருக்கு ஒரு துண்டு வயலாவது இருந்தது. நமக்குக் கோப்பியில் போடச் சீனிகூட இல்லை. அப்போது நிதி அமைச்சர் பரிப்பு மாத்தயாதான். காணிச் சீர்திருத்தம் வந்தது, நல்ல சட்டம் என்றார்கள். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் கண்டியிலும் அந்தச் சட்டத்தின் நிழலில் லயத்தை விட்டு விரட்டப்பட்டவர்கள் நம்மவர்கள். 1975இல் சமசமாஜக் கட்சியை அரசாங்கத்திலிருந்து வெளியேற்றினார்கள். 1977 தேர்தலில் யட்டியாந்தோட்டையில் என்.எம். தோற்றார். 1979இல் காலமானார்.

இந்தக் கட்டங்களில் பேர் விழாது. இதில் இளைஞர்கள் சொல்வது சரி.

இப்போது சிலர் சொல்வார்கள்: “அந்தக் காலம் அப்படி. அவர் என்ன செய்வார்?” தலைவர்களைக் காப்பாற்ற எல்லா நாட்டிலும் சொல்லப்படும் வார்த்தை இதுதான். இதற்குப் பதில் சொல்ல ஒரு வழி இருக்கிறது. அதே காலத்தில், அதே அறையில், வேறு முடிவு எடுத்தவர் இருந்தாரா என்று பாருங்கள். 1964 ஜூன் மாநாட்டில் கூட்டரசாங்கம் வேண்டாம் என்று எழுந்து வெளியேறியவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் எட்மண்ட் சமரக்கொடி. 1940இல் என்.எம்மோடு சிறைக்குப் போன அதே சமரக்கொடி. தொழிற்சங்கத் தலைவர் பாலா தம்புவும் அவரோடு வெளியேறினார். ஆகவே வேறு வழி தெரியாத காலம் இல்லை அது. தெரிந்திருந்தது. இரண்டு வழியையும் எடுத்து வைத்து, வாக்கெடுத்து, ஒன்றைத் தேர்ந்தார்கள்.

தேர்ந்ததற்குக் காரணம் என்ன? மனம் கெட்டுப்போனது என்று மட்டும் சொன்னால் நமக்கு ஒரு பாடமும் கிடைக்காது. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்கில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். வேறு பல தொகுதிகளில் நம் வாக்கு இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தது. 1948, 49ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பிறகு நம் பெயர் இடாப்பில் இல்லை. 1952 தேர்தலில் நம்மவர் ஒருவர்கூட வெல்லவில்லை. வாக்கில்லாத மக்களுக்காகப் பேசினால் கிடைப்பது கெட்ட பெயர் மட்டும்தான் என்ற நிலை வந்தது. அந்த நிலையிலும் சில ஆண்டுகள் பேசினார்கள். பிறகு நிறுத்திக்கொண்டார்கள். தலைவர் ஒருவர் நல்லவராக இருப்பது அவர் கையில் மட்டும் இல்லை, தோழர்களே. அவரைத் தட்டிக் கேட்கும் பலம் நம் கையில் இருக்கிறதா என்பதிலும் இருக்கிறது. இதை அவருக்கு மன்னிப்பாகச் சொல்லவில்லை, நமக்கு எச்சரிக்கையாகச் சொல்கிறோம்.

செக்ரோலில் திகதி முக்கியம் என்றோம். அதற்கு இன்னொரு உதாரணம். “ஜி.ஜி. பொன்னம்பலம் 1948இல் நம் குடியுரிமையைப் பறிக்கக் கை தூக்கினார்” என்று நம் மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். நடந்தது என்ன? 1948 ஓகஸ்டில் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு அவர் எதிராகவே வாக்களித்தார். அடுத்த மாதம் அதே அரசாங்கத்தில் அமைச்சர் ஆனார். அமைச்சரான பிறகு வந்தது இந்திய பாகிஸ்தானியர் வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம். நம் பாட்டன்மார் அத்தாட்சி தேடி அலைந்த சட்டம். அதற்கு அவர் ஆதரவு. அதை ஏற்காத செல்வநாயகம் பிரிந்து போய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இங்கேயும் அதே அறையில் வேறு முடிவு எடுத்தவர் இருந்தார்.

“இரண்டும் ஒன்றுதானே, ஏன் திகதி பார்க்கிறீர்கள்?” என்று கேட்கலாம். ஒன்றில்லை. முதல் சட்டத்தின் அநியாயம் அவருக்குத் தெரிந்திருந்தது, எதிர்த்து வாக்களித்திருக்கிறார். தெரிந்துகொண்டே பதவிக்குப் போனார் என்பதுதான் குற்றம். அது கேள்விப்பட்ட கதையைவிடப் பாரமான குற்றம். தவறான குற்றச்சாட்டைச் சுமத்தினால், அவர் பக்கத்தார் ஹன்சாட்டை விரித்து ஒரு நிமிடத்தில் நம் வாயை அடைத்துவிடுவார்கள். சரியானதைச் சொன்னால் அடைக்க முடியாது.

அளப்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் ஒலிவர் குரொம்வெல் என்று ஒருவர் இருந்தார். 1649 ஜனவரியில் அரசனின் தலையை வெட்டி, பாராளுமன்றமே பெரிது என்று காட்டியவர்களின் முன்னணியில் நின்றவர். அதே 1649 செப்டம்பரில் அயர்லாந்தின் துரொஹெடா நகரத்தில் அவருடைய படை பெரும் கொலை செய்தது. 1899இல் லண்டன் பாராளுமன்றத்துக்கு வெளியே அவருக்குச் சிலை வைத்தார்கள். அதற்கு அரசாங்கப் பணம் கொடுக்கக்கூடாது என்று சபைக்குள் அயர்லாந்து உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். சிலை தனியார் பணத்தில்தான் எழுந்தது. இன்றைக்கும் லண்டன் பிள்ளை பாடப்புத்தகத்தில் ஒரு குரொம்வெல்லைப் படிக்கும், டப்ளின் பிள்ளை தன் பாட்டியிடம் வேறொரு குரொம்வெல்லைக் கேட்கும்.

நம் பிள்ளைகளும் அப்படித்தான். பாடசாலையில் டி.எஸ். சேனாநாயக்க தேசபிதா, குளம் கட்டியவர், காடு திருத்திக் குடியேற்றம் செய்தவர் என்று நாமே கற்பிக்கிறோம். வரண்ட பிரதேசத்து விவசாயி அவருக்கு விளக்கேற்றினால் அதில் நியாயம் உண்டு. ஆனால் 1946இல் நம் கேகாலை மாவட்டத்திலேயே, உந்துகொடைப் பக்கம் நேவ்ஸ்மயர் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்கென்று அரசாங்கம் எடுத்தது. அங்கே பிறந்து வளர்ந்த தொழிலாளரை வெளியே போகச் சொன்னது. போக மறுத்தவர்கள் மேல் வழக்கு. அதற்கு எதிராகத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் எழுந்தது. அப்போது காணி அமைச்சர் டி.எஸ். இரண்டு ஆண்டு கழித்துப் பிரஜாவுரிமைச் சட்டம் கொண்டுவந்த பிரதமரும் அவரே. காணி கொடுத்த கையும் காணி பறித்த கையும் ஒரே கை. பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம்தான் இருக்கிறது. மற்றப் பக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்வது நம் வேலை.

மற்றவர்களை மட்டும் அளந்துவிட்டு நம் வீட்டுத் தலைவரை விட்டுவிட்டால் அது நியாயம் இல்லை. சௌமியமூர்த்தி தொண்டமான். ஒருவருக்கு அவர் தெய்வம், இன்னொருவருக்குத் தோட்டச் சொந்தக்காரர். இரண்டும் உண்மை. தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் வந்து தோட்டத் தொழிலாளர் சங்கம் நடத்தினார். வாக்குரிமை பறிபோனபோது 1952இல் கொழும்பில் மாதக்கணக்காகச் சத்தியாக்கிரகம் நடத்திய இயக்கத்தின் தலைவர் அவர். 1978இல் ஜே.ஆர். ஜயவர்தனவின் அமைச்சரவைக்குப் போனார். 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தைப் பக்கத் தோட்டங்களில் நம் லயங்கள் தாக்கப்பட்டன. 1983 ஜூலை வந்தது. அவர் அமைச்சராகவே இருந்தார். அன்றைக்குக் காட்டுக்குள் ஒளிந்தவர்களுக்கு அந்தக் கணக்கு மறக்காது. ஆனால் 1984 ஏப்ரலில் எல்லாச் சங்கங்களும் சேர்ந்து நடத்திய வேலைநிறுத்தத்தில்தான் பெண்ணுக்கும் ஆணுக்கும் சம நாட்சம்பளம் வந்தது. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டத்தில் நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வந்தது. உள்ளே இருந்ததால்தான் இதை வாங்க முடிந்தது என்பார் ஒருவர். உள்ளே இருந்து வேறெதைத் தடுத்தார் என்பார் மற்றவர். இரண்டு பேரையும் பேச விடுவோம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். 1984இல் வெற்றி வந்தது அமைச்சரின் மேசையில் இருந்து மட்டும் இல்லை. மலையில் கொழுந்து முற்றி நின்றது, றப்பர் மரத்தில் கத்தி படவில்லை. அதனால் வந்தது.

இப்போது நம் பக்கத்து நிலைமைக்கு வருவோம். சப்ரகமுவ நுவரெலியா இல்லை. அங்கே மலை மலையாக நம் மக்கள் சேர்ந்து இருக்கிறார்கள். இங்கே நாம் சிதறிக் கிடக்கிறோம். ஒரு டிவிஷன், அதைச் சுற்றி ஐந்து சிங்களக் கிராமம். கடை, டிஸ்பென்சரி, பஸ் எல்லாம் அவர்களோடுதான். தோட்டத்தில் இன்றைக்குப் பால் வெட்டுகிறவர்களில் கிராமத்துச் சிங்களவரும் பலர். பத்துப் பேர்ச்சஸ் காணி வேண்டும் என்று நாம் கேட்கும்போது, அந்தக் கிராமத்து இளைஞனும் காணி இல்லாமல்தான் நிற்கிறான். அவனைப் பகைத்துக்கொண்டு இந்த மாவட்டங்களில் நாம் ஒரு தேர்தலும் வெல்ல முடியாது, ஒரு பேர்ச்சும் வாங்க முடியாது.

ஆகவே இளைஞர்கள் “என்.எம்மைப் பாருங்கள், சிங்களத் தலைவர் எவரையும் நம்பக்கூடாது” என்று சொல்லும்போது நாம் நின்று யோசிக்க வேண்டும். 1936இல் இருந்து 1956 வரைக்குமான என்.எம். காட்டுவது வேறு. கிராமத்துச் சிங்களவருக்குப் பருப்புக் கொடுத்த அதே மனிதர் தோட்டத் தமிழருக்காகச் சிறைக்குப் போக முடிந்தது. அந்த மனிதரை ருவன்வெல்ல கிராமத்தவர் தள்ளிவிடவில்லை. அது நடக்கக்கூடிய காரியம் என்பதற்கு அதுதான் சாட்சி. 1964 காட்டுவது, அந்த உறவு தலைவர் ஒருவரின் நல்ல மனதில் மட்டும் தொங்கினால் அறுந்து விழும் என்பதை. கிராமத்தவரும் தொழிலாளரும் கீழே ஒன்றாகக் கட்டியிருந்தால், மேலே தலைவர் திரும்பியிருந்தாலும் இவ்வளவு நட்டம் வந்திருக்காது.

அதனால் நாங்கள் முன்வைப்பது இதுதான். என்.எம்மின் படத்தை ஏந்துவோம். படத்துக்குக் கீழே இரண்டு வரியில் திகதிகளும் போடுவோம். 1940 என்று ஒரு வரி, 1964 என்று ஒரு வரி. மாலை போட விரும்புகிறவர் போடட்டும், போட விரும்பாதவரை யாரும் துரோகி என்று சொல்லக்கூடாது. இளைஞர் குழு பெரியவர்களிடம் உட்கார்ந்து, கப்பல் ஏறிய குடும்பங்களின் கதையையும் காணிச் சீர்திருத்த நேரத்தில் விரட்டப்பட்டவர்களின் கதையையும் எழுதி வாங்க வேண்டும். அடுத்த சந்திப்புக்கு முன் ஒவ்வொரு தோட்டமும் இரண்டு பேரிடமாவது கேட்டு எழுதுங்கள். அவர்கள் கண் மூடிவிட்டால் அந்தப் பக்கத்தைப் பிறகு எவராலும் எழுத முடியாது.

தேர்தல் வரும்போது மேடையில் ஏறுகிறவரிடம் மூன்று கேள்வி கேட்போம். எந்தத் திகதியில் எதற்குக் கை தூக்கினீர்கள்? உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வேறு மாதிரிக் கை தூக்கினாரா, தூக்கினால் நீங்கள் ஏன் தூக்கவில்லை? அந்த முடிவுக்கான விலையைக் கொடுத்தது யார், நீங்களா, லயத்தில் இருப்பவர்களா?

கடைசியாக ஒன்று. இந்தச் செக்ரோல் சங்கத்துக்கும் பொருந்தும். சந்தா பிடித்துக்கொண்டு பிரச்சினை நாளில் ஆளைக் காணோம் என்றால், அந்தக் கட்டத்தில் எங்களுக்கும் பேர் போடாதீர்கள். எங்கள் திகதிகளையும் குறித்து வையுங்கள். வருடக் கடைசியில் பொதுக்கூட்டத்தில் எழுந்து அதை வாசியுங்கள். கணக்குக் கேட்கும் தொழிலாளரைக் கண்டு பயப்படுகிற சங்கம் தோட்டத்துக்குத் தேவையில்லை.